கணக்கில் வராத பிள்ளை

வேன் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றபோது டீச்சர் நிம்மதியாகத்தான் இருந்தாள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு, அவளுக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தியிருக்கும், இடது கண் துடித்திருக்கும் என்று ஆளாளுக்குக் கதை கட்டுவார்கள். ஒன்றும் உறுத்தவில்லை, ஒரு கண்ணும் துடிக்கவில்லை. மூன்றாம் வகுப்பை ஊருக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய் முழுசாகத் திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பது தவளைகளைத் தராசில் போட்டு நிறுக்கிற வேலை. ஒருவனுக்குத் தாகம் எடுக்கும், ஒருத்திக்குத் தலை சுற்றும், இன்னொருவன் ஒற்றைச் செருப்போடு வந்து நிற்பான். அந்த வேலை ஒருவழியாக முடிந்தது என்று நினைத்தாள். முதுகு விட்டுப்போயிருந்தது. வீட்டுக்குப் போனதும் வெந்நீர் வைத்துக் குளிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

போனது ஊருக்கெல்லாம் குடிதண்ணீரைச் சுத்தம் செய்து அனுப்பும் நிலையத்துக்கு. பாடம் தண்ணீர். புத்தகத்திலேயே படம் போட்டிருக்கிறதே, அது போதாதா என்று தலைமை ஆசிரியை கேட்டார். அவரைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் பெரிய டீச்சர் என்பார்கள். படத்தில் தண்ணீர் ஓடாதே என்று பிடிவாதம் பிடித்து அனுமதி வாங்கியவள் இவள்தான். அதனால் நல்லதோ கெட்டதோ, இவள் தலையில்தான் விடியும்.

பெற்றவர்கள் வாசலில் காத்திருந்தார்கள். டீச்சர் வழக்கம்போல ஒவ்வொரு பிள்ளையையும் கையைப் பிடித்து, யாரிடம் விட வேண்டுமோ அவர்களிடம் விட்டாள். கூட்டம் கரைந்தது. கடைசியில் சுவரைப் பிடித்தபடி ஒருத்தி மட்டும் நின்றாள். பக்கத்துத் தெருவில் பேக்கரி வைத்திருக்கும் அம்மாள். தோளில் கைக்குழந்தை. வயிற்றைக் கிழித்து எடுத்த பிள்ளை, இன்னும் நிமிர்ந்து நடக்க வரவில்லை. புருஷன் சரக்கு எடுக்க வெளியூர் போயிருந்தான். வேனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"எம்பொண்ணு எங்க, டீச்சர்?"

அவள் பெண்ணுக்கு வகுப்பில் பூனைக்குட்டி என்று பெயர். நடந்தால் சத்தம் வராது, பேசினாலும் வராது. அவள் பதில் சொல்லும்போது மட்டும் வகுப்பே வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும், அப்போதுதான் கேட்கும். ஒரு மூலையில் இருந்தால் இருக்கிறாள் என்று தெரியாது, இல்லாவிட்டால் இல்லை என்றும் தெரியாது.

டிரைவர் சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஆயாம்மா கழிப்பறைக்கு ஓடினாள். டீச்சர் வகுப்பறைக்கு ஓடினாள். எங்கும் இல்லை. திரும்பி வந்தபோது ஆயாம்மாவின் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. "நான் எண்ணினேன் டீச்சர். நீங்க சொன்ன மாதிரியே ஒவ்வொரு தலையா தொட்டு எண்ணினேன். முப்பத்திரண்டு, சரியா இருந்துச்சு," என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். வகுப்பில் முப்பத்திரண்டு பேர். கணக்கு சரி. பிள்ளை இல்லை.

அப்போதுதான் டீச்சர் திரும்பிப் பார்த்தாள். வராந்தாத் தூணுக்குப் பக்கத்தில், பையை முதுகில் மாட்டிக்கொண்டு, மற்றப் பிள்ளைகளைப் போலவே அதே சீருடையில் இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். டீச்சரின் சொந்த மகள்.

இந்த இடத்தில் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒன்றும் இரண்டும் மதியத்தோடு விட்டுவிடுவார்கள். மூன்றுக்கு மேல் சாயங்காலம் வரை உண்டு. டீச்சரின் மகள் தன் வகுப்பு முடிந்ததும் வீட்டுக்குப் போக வழியில்லாமல், அம்மாவின் வகுப்பில் கடைசி பெஞ்சு ஓரத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். டிரில் வாத்தியார் அவளை 'இலவச இணைப்பு' என்று கூப்பிடுவார். பத்திரிகையோடு சும்மா வருமே, அது. ஆசிரியர் அறையில் எல்லோரும் சிரிப்பார்கள், டீச்சரும் சேர்ந்து சிரிப்பாள். வகுப்பை எண்ணும்போது டீச்சரின் கை அந்தத் தலையை மட்டும் தாண்டிப் போகும். யோசித்துச் செய்வதில்லை, கை பழகிப்போயிருந்தது. இன்றைக்கும் மகள் வேனில் கூட வந்தாள். திரும்பக் கிளம்பும்போது ஒரு பையன் வாந்தி எடுக்க, அவனுக்கு முகம் கழுவிவிட்டுக்கொண்டே, "ஆயாம்மா, நீங்க எண்ணி ஏத்துங்க," என்று டீச்சர் சொல்லிவிட்டாள். தன் பிள்ளை அந்த முப்பத்திரண்டில் சேர்த்தி இல்லை என்பதைச் சொல்லவில்லை. ஆயாம்மாவுக்குச் சீருடை போட்டது எல்லாம் பிள்ளைதான்.

இதெல்லாம் டீச்சருக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அந்த ஒரு நொடியில் அவள் மனசு இன்னொன்றும் சொன்னது. நல்லவேளை, என் பிள்ளை இங்கே இருக்கிறது. சீ என்று தன்னையே காறித் துப்பிக்கொள்ளத் தோன்றியது அவளுக்கு. ஆனால் நினைத்தது நினைத்ததுதான். பெற்றவள் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பாள். அதற்கு வக்காலத்து வேண்டியதில்லை.

அந்த நிலையத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத்தான் தெரியுமே. வட்டமாக, கிணற்றை நாலு மடங்கு பெரிதாக்கியது போல் திறந்து கிடக்கும் தொட்டிகள். கலங்கல் அடியில் படிவதற்காகத் தண்ணீரை நிறுத்திவைத்திருக்கும் தொட்டிகள். சுற்றிலும் கம்பித் தடுப்பு உண்டு, பெரியவர்களுக்கு இடுப்பு உயரம். கீழ்க் கம்பிக்கும் தரைக்கும் நடுவில் ஒரு பூனைக்குட்டி தாராளமாக நுழையலாம்.

பெரிய டீச்சர் நிலையத்துக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆபீஸ் பூட்டிப் போயிருப்பார்கள், வேலை மாறும் நேரம். மறுபடி போட்டார். போலீசுக்கும் சொல்லலாம் என்றார். அதுவரைக்கும் சுவரோடு சாய்ந்து நின்ற பேக்கரிக்காரம்மா மெல்ல நடந்து தூணுக்குப் போனாள். டீச்சரின் மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். அதட்டவில்லை, அடிக்கவில்லை. பிடித்த பிடியில் விரல் வெளுத்துப்போயிருந்தது.

"என்னால வண்டியில குலுங்கிக்கிட்டு வர முடியாது. நீங்க போங்க டீச்சர். ஒங்க பொண்ணு எங்கூட இருக்கட்டும்."

பெரிய டீச்சர் பதறிப்போய், என்னம்மா இது, அந்தக் குழந்தை என்ன பண்ணும், விடுங்க என்றார். பேக்கரிக்காரம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அப்பதான் இவங்களுக்கு வேகமாப் போகத் தோணும்," என்றாள்.

டீச்சர் மகளைப் பார்த்தாள். மகள் அழவில்லை, கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. பள்ளிக்கூடத்துக்குள் அவள் எப்போதும் அப்படித்தான், யாருக்கும் தொந்தரவு இல்லாமல் நிற்பாள். நில்லு, வந்துடறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு டீச்சர் வேனில் ஏறினாள். மகள், "சரி டீச்சர்," என்றாள்.

டீச்சர்! வீட்டில்தான் அம்மா. வாசல் கேட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் டீச்சர். அது இவள் போட்ட சட்டம். காலியான வேன் கடகடவென்று ஓடும்போது, முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தவளுக்கு அந்தச் சட்டத்தின் கதையெல்லாம் நினைவுக்கு வந்தது. வரக்கூடாத நேரம்தான். மனசு கேட்டால்தானே.

அவள் அம்மாவும் டீச்சர். அம்மாவின் வகுப்பில்தான் இவளும் படித்தாள். வகுப்பில் யார் சத்தம் போட்டாலும் முதல் அடி இவளுக்கு. டீச்சர் தன் பிள்ளைக்குச் சலுகை காட்டுகிறாள் என்று ஒரு நாக்கு சொல்லிவிடக் கூடாதாம். ராத்திரி அதே அம்மா, தழும்பில் எண்ணெய் தடவிக்கொண்டே அழுவாள். எனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அதன் மேல் ஒரு நாளும் கை வைக்க மாட்டேன் என்று இவள் அப்போதே சபதம் போட்டிருந்தாள். சபதத்தைக் காப்பாற்றியும் விட்டாள். அடித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் மகளைத் திரும்பிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

புருஷன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். ஓயாமல் தமாஷ் பேசுவார். ஊரில் பாதிப் பேருக்கு என்னால்தான் கண் தெரிகிறது, பெண்டாட்டிக்கு மட்டும் என் அருமை தெரியவில்லை என்பார். ஒருநாள் காலையில் வேலைக்குக் கிளம்பி, ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. விளையாடுகிறார் என்று நினைத்து இவள், "போதும் எழுந்திருங்க, நேரமாச்சு," என்று அடுப்படியிலிருந்தே சொன்னாள். மகள் அப்போதுதான் தவழ்ந்துகொண்டிருந்தாள், தவழ்ந்து போய் அப்பாவின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் தாயும் மகளும் அண்ணன் வீட்டுக்குக் குடிபோனார்கள்.

அண்ணியைக் குறை சொல்ல முடியாது. கெட்டவள் இல்லை. நீ வேலைக்குப் போ, பிள்ளையை நான் பார்த்துக்கறேன் என்று தானாகவே சொன்னவள். ஒருநாள் டீச்சர் தலைவலி என்று பாதியில் வீட்டுக்கு வந்தாள். வீடு வெளிப்பக்கம் பூட்டியிருந்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் பிள்ளை கதவுக்கு நேராக உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. அழுது முடித்து, அழுகையும் வற்றிப்போய் உட்கார்ந்திருந்தது. கடைக்குப் போயிருந்த அண்ணி வந்து, பாதுகாப்புக்குத்தானே பூட்டினேன், இதில் என்ன தப்பு என்று கேட்டாள். தப்பு இல்லைதான். மறுநாள் டீச்சர் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்ப் பெரிய டீச்சர் முன்னால் நின்றாள். கூட்டிட்டு வாங்க, ஆனா பிள்ளை இருக்கறதே தெரியக்கூடாது என்றார் பெரிய டீச்சர். தெரியாமலேயே வளர்ந்தது அது. அதை நினைத்து டீச்சர் பெருமைகூடப் பட்டிருக்கிறாள். என் பொண்ணு மாதிரி சமர்த்து உண்டா என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறாள்.

"இன்னும் வேகமாப் போக முடியாதா?" என்று டிரைவரிடம் கேட்டாள். முடிந்தால் போகமாட்டேனா என்று அவர் சொல்லிவிட்டு, மேலும் அழுத்தினார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

நிலையத்தின் கேட்டில் மதியம் இருந்த காவலாளி இல்லை. புதிதாக ஒருவர் நாற்காலியை அப்போதுதான் போட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைங்க எல்லாம் போயாச்சே, எண்ணி ஏத்திட்டுப் போனதா எழுதியே இருக்கே என்றார். அனுமதி இல்லாமல் உள்ளே விட முடியாது என்றார். டீச்சர் அவர் நாற்காலியை ஒரு கையால் தள்ளிவிட்டு உள்ளே ஓடினாள். இருபது வருஷம் பிள்ளைகளை ஓடாதே ஓடாதே என்று அதட்டியவள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். பின்னால் காவலாளி கத்திக்கொண்டே வந்தார்.

முதல் தொட்டியில் ஒன்றும் இல்லை. இரண்டாவது தொட்டியின் கம்பித் தடுப்பில் மஞ்சள் நிறப் பை ஒன்று மாட்டியிருந்தது. மூடியில் பூனைப் படம்.

 பையைக் கையில் எடுத்தாள். தண்ணீர் பாட்டில் உள்ளே பத்திரமாக இருந்தது, பாதி குடித்திருந்தது. பை இங்கே இருந்தால் பிள்ளை எங்கே? குனிந்து பார்த்தாள். தண்ணீர் பச்சையும் கறுப்புமாக, அசையாமல் கிடந்தது. அடியில் படிந்ததை வழித்தெடுக்கும் நீண்ட இரும்புக் கை ஒன்று மெதுவாக, மிகமிக மெதுவாகச் சுற்றி வந்தது. மதியம் அதைப் பார்த்துப் பிள்ளைகள் கைகொட்டினார்கள். இப்போது அது சுற்றி வர வர, அடியிலிருந்து எதையோ இழுத்துக்கொண்டு வரப்போகிறது என்று அவளுக்குப் பட்டது. பூனைக்குட்டி, பூனைக்குட்டி என்று கத்தினாள். அப்புறம் பிள்ளையின் சொந்தப் பெயரைச் சொல்லிக் கத்தினாள். கத்தியது அவள் காதுக்கே கேட்கவில்லை. பக்கத்துக் கட்டடத்தில் பம்புகள் அப்படி இரைந்துகொண்டிருந்தன.

சத்தம் கேட்டோ, காவலாளி போய்ச் சொல்லியோ, ஆபரேட்டர் வந்தார். மதியம் பிள்ளைகளுக்கு எல்லாம் சுற்றிக் காட்டிய அதே ஆள். பையைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. இரும்புக் கையை நிறுத்தினார். நீளக் கழி ஒன்றை எடுத்து வந்து தண்ணீருக்குள் விட்டுத் துழாவினார். கழி அடியில் தட்டிய ஒவ்வொரு தடவையும் டீச்சருக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஆளைக் கூப்பிட்டுத் தண்ணியை இறக்கணும் என்றார் அவர். அதுக்கு ரொம்ப நேரமாகும் என்றும் சொன்னார்.

டீச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். பிரார்த்தனை செய்யவில்லை. வகுப்பை நினைத்தாள். இந்தப் பிள்ளை எப்படிப்பட்ட பிள்ளை? ஓடாது, தாவாது, கம்பிக்கு அடியில் நுழைந்து பார்க்கும் துணிச்சல் கிடையாது. பையைத் தூக்கி எறியவில்லை, ஒழுங்காக மாட்டிவிட்டுப் போயிருக்கிறது. எங்கேயாவது போய்விட்டுத் திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் மாட்டியிருக்கிறது. எங்கே போகும்? யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு எங்கே போகும்?

"இங்க பாத்ரூம் எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

பம்பு ஓடும் கட்டடத்துக்குப் பின்னால் வரிசையாக அறைகள் இருந்தன. சாமான் அறைகள், குழாய் அறைகள், வேலைக்காரர்களுக்கான கழிப்பறைகள். எல்லாம் ஒரே மாதிரி இரும்புக் கதவு. நீண்டு வளைந்து போகும் இடைவழி, பாதிக்குத்தான் விளக்கு. காவலாளி ஒரு பக்கம், பின்னாலேயே வந்துவிட்ட டிரைவர் ஒரு பக்கம் என்று கதவைத் தட்டிக்கொண்டே போனார்கள். யார் தட்டுவது எங்கே கேட்கும்? கட்டடமே காதுக்குள் புகுந்துகொண்ட மாதிரி இரைச்சல். டீச்சர் ஆபரேட்டரின் கையைப் பிடித்தாள்.

"இதை நிறுத்துங்க."

அவர் புரியாமல் பார்த்தார். பம்பையா, மேலே கேட்காமல் நிறுத்தினால் வேலை போய்விடும், ஊர் பூராவும் தண்ணீர் நின்றுவிடும் என்றார். சாயங்கால நேரம், வீட்டுக்கு வீடு குழாயைத் திறந்து வைத்திருப்பார்கள் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவரும் பிள்ளை குட்டிக்காரர்.

"அந்தப் பொண்ணு கத்தாதுங்க. அதுக்குக் கத்தத் தெரியாது. நாம வாயை மூடினாத்தான் அது பேசறது கேக்கும்," என்றாள் டீச்சர்.

 அவர் போய் சுவிட்சுப் பலகைக்கு முன்னால் நின்று பம்புகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார். இரைச்சல் இறங்கி, முனகலாகி, நின்றது. அப்படி ஒரு அமைதி அந்தக் கட்டடத்தில் யாரும் கேட்டதில்லை என்று பின்னால் ஆபரேட்டர் சொன்னார். எங்கேயோ ஒரு குழாயில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. டிரைவர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். ஒன்றும் இல்லை. 

அப்புறம் கேட்டது. டக், டக். விரல் முட்டியால் மரியாதையாகத் தட்டுகிற சத்தம். வகுப்புக்கு நேரம் கழித்து வந்த பிள்ளை உள்ளே வரலாமா என்று கேட்பதைப் போல.

இடைவழியின் கோடியில் இருந்தது அந்தக் கழிப்பறை. தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. ஆபரேட்டர் இரும்புக் கம்பியால் நெம்பித் திறந்தார். பூனைக்குட்டி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். முகம் வீங்கிப்போயிருந்தது, குரல் சுத்தமாகப் போயிருந்தது. கத்தத் தெரியாது என்று டீச்சர் சொன்னது பொய். கத்தித்தான் இருக்கிறாள். யாருக்கும் கேட்கவில்லை. டீச்சர் அவளை அள்ளி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, என் தங்கமே, என் கண்ணே என்று பிதற்றினாள். தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்து நேரத்தில் அவள் ஒருநாளும் அப்படித் தூக்கியது கிடையாது. அது அப்போது நினைவுக்கு வரவில்லை.

ஆபரேட்டரின் போனிலிருந்து பெரிய டீச்சருக்குச் சொல்லிவிட்டார்கள். அதனால் வேன் வாசலுக்கு வந்தபோது அழுகை எல்லாம் ஒரு சுற்று ஓய்ந்திருந்தது. பேக்கரிக்காரம்மா கைக்குழந்தையை ஆயாம்மாவிடம் கொடுத்துவிட்டு, தரையிலேயே உட்கார்ந்து மகளை மடியில் போட்டுக்கொண்டாள். தையல் வலிக்கும் எழுந்திருங்க என்று யாரோ சொன்னார்கள். அவள் காதில் விழவில்லை. டீச்சரைப் பார்த்து நன்றி என்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. போகும்போது மட்டும் டீச்சரின் மகள் பக்கத்தில் நின்று, அந்த மணிக்கட்டை எடுத்து ஒரு தடவை தடவிக்கொடுத்துவிட்டுப் போனாள். விரல் பட்ட இடமெல்லாம் சிவந்து கிடந்தது.

பெரிய டீச்சர், நாளைக்கு நிர்வாகத்தில் கேட்பார்கள், எண்ணினது ஆயாதானே, அப்படியே சொல்லிவிடலாம் என்று காதோரமாகச் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஒரு விதவைப் பொம்பளையின் வேலை போய்விடக் கூடாதே என்று. ஆயாம்மாவும் விதவைதான், அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. டீச்சர் சத்தமாகவே சொன்னாள்.

"அவங்க சரியாத்தான் எண்ணினாங்க. வேன்ல ஏறினது முப்பத்திரண்டு பிள்ளைங்க. எம்பொண்ணைச் சேக்கக் கூடாதுன்னு நாந்தான் சொல்லாம விட்டேன்."

ஆயாம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரிய டீச்சர், சரி, நாளைக்குப் பாப்போம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேலை இருக்கிறதா இல்லையா என்பது நாளைக்குத்தான் தெரியும். டீச்சருக்கு அதைப் பற்றி யோசிக்கத் தெம்பு இல்லை. பிள்ளை உயிரோடு கிடைத்துவிட்டது, அது போதும் என்றிருந்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

தெருவில் கடைகளில் விளக்குப் போட்டிருந்தார்கள். ஒரு வீட்டு வாசலில் இரண்டு பேர், குழாயில் திடீரென்று தண்ணீர் நின்று இப்போதுதான் வருகிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மகள் அண்ணாந்து அம்மாவைப் பார்த்தாள்.

"ஆயாம்மா எந்தலையிலயும் கைவச்சு எண்ணினாங்கம்மா. நான் கணக்குல இல்லைன்னு சொல்லியிருக்கணும்."

"ஏன் சொல்லல?"

"நல்லா இருந்துச்சு."

டீச்சர் கையை இறுக்கிப் பிடித்தாள். பிடித்த இடம் சிவந்த மணிக்கட்டு என்று உறைத்ததும் சட்டென்று தளர்த்தினாள். வலிக்குதா என்று கேட்டாள். இல்லை என்றாள் மகள். அந்த ஆன்ட்டி கை சில்லுனு இருந்துச்சு, நடுங்கிட்டே இருந்துச்சு என்றாள். பூனைக்குட்டிக்கு அவங்க அம்மா வாசல்ல நின்னாங்க, அதனாலதான் தெரிஞ்சுது, இல்லையாம்மா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் டீச்சர். மகள் எதையோ யோசித்துக்கொண்டே நடந்தாள். கணக்குப் போடும்போது அவள் நெற்றியில் ஒரு சின்னச் சுருக்கம் விழும், அது விழுந்திருந்தது.

"அங்க நான் மாட்டியிருந்தா, உனக்கு எப்பம்மா தெரிஞ்சிருக்கும்?"

உடனே தெரிஞ்சிருக்கும்டி என்று சொல்ல டீச்சர் வாயைத் திறந்தாள். பெற்றவள் வேறு என்ன சொல்வாள்? ஆனால் சொல்ல வரவில்லை. கண் முன்னால் எல்லாம் ஒழுங்காக நடந்தது. நிலையத்தில் முப்பத்திரண்டு தலையை எண்ணுகிறாள், சரியாக இருக்கிறது. வேன் கிளம்புகிறது. பள்ளிக்கூட நேரத்தில் அவள் கடைசி சீட்டைத் திரும்பிப் பார்க்க மாட்டாள். வாசலில் ஒவ்வொரு பிள்ளையையும் கையைப் பிடித்து விடுகிறாள். கடைசி அம்மாவும் சிரித்துக்கொண்டே போகிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டு யாரும் நிற்கவில்லை, எம்பொண்ணு எங்க என்று யாரும் கேட்கவில்லை. வகுப்பைப் பூட்டுகிறாள், கையெழுத்துப் போடுகிறாள், முதுகு வலிக்கிறது. அப்புறம்தான் தூண் பக்கம் திரும்புகிறாள். எத்தனை கண்டிப்பான டீச்சராக இருந்தாலும், சரியான விடையைத் தப்பு என்று போட அவள் கை வராது.

"எல்லாரும் போனதுக்கப்புறம்," என்றாள்.

மகள் தலையாட்டினாள். தான் போட்டு வைத்திருந்த விடையும் அதுதான் என்பதுபோல அவள் முகத்தில் ஒரு சின்னத் திருப்திகூடத் தெரிந்தது. பையை ஒரு தடவை ஏற்றிப் போட்டுக்கொண்டு மேலே நடக்கப் பார்த்தாள். டீச்சரால் நடக்க முடியவில்லை. அங்கேயே, நடுத்தெருவில், நாலு பேர் பார்க்க உட்கார்ந்து அழுதாள்.